மரியா மூன்று மாதம் தங்கினார்

கருவில் இருப்பது உயிர், அதை அழிக்கக் கூடாது என்று நம்புகிற கத்தோலிக்கப் பெண் நான். அரசு கிளினிக்குகளில் மிசியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மலேசியாவின் ஈப்போவில் உள்ள ஜெலாப்பாங்கிலும் அக்கம்பக்கத்து சிலிபின், புந்தோங், செம்மோர் பகுதிகளிலும் கருக்கலைப்பு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெண்களோடு பேசுவதும், அவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்பதும் இப்போது என் வேலை. எங்கள் பங்கைச் சேர்ந்த சில பெண்களும், கார் வைத்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் கூட இருக்கிறார்கள். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒருவர் சொல்லி ஒருவராகத் தொலைபேசி எண் கைமாறிப் போகிறது.

என் நம்பிக்கையை ஏற்காதவர்களும் இதைப் படிக்கலாம். நான் எழுதப்போவது பெரும்பாலும் அறை வாடகை, கிளினிக் புத்தகம், வேலை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைப் பற்றித்தான். உயிரைக் காப்பது என்று நாங்கள் சொல்லும் காரியம் இந்த நான்கு இடங்களில்தான் ஜெயிக்கிறது, தோற்கிறது.

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஜெலாப்பாங் என்றால் பழைய டோல் சாவடி ஞாபகம் வரும். 2010-இல் அதை எடுத்துவிட்டார்கள். இங்கே குடியிருக்கும் தமிழர்களில் பலர் சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் காலியாயின. மலிவு விலை வீடுகளுக்கும் வீடமைப்புத் தாமான்களுக்கும் சனம் வந்து சேர்ந்தது. இளம் பெண்கள் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள்.

லயத்தில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் மறுநாளே அடுத்த வரிசைக்குத் தெரிந்துவிடும். வசவு விழும், சில வீடுகளில் அடியும் விழும். பப்பாளிக்காயும் அன்னாசியும் தின்னச் சொல்வார்கள். அதற்கும் மேலே போய் மருத்துவச்சியிடம் கண்டதைச் செய்துகொண்டு உயிரை விட்டவர்கள் கதையை எங்கள் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையை நான் போற்ற மாட்டேன். ஆனாலும் பிள்ளை பிறந்துவிட்டால் அதைத் தூக்க ஆள் இருந்தது. ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுத் தாய் பால் வெட்டப் போனாள். வாடகை அறையில் இருப்பவளுக்கு வசவும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. அவளிடம் இருப்பது ஒரு கைப்பேசி. அந்தக் கைப்பேசி வழியாகத்தான் மாத்திரை வருகிறது.

*

எனக்கு வரும் முதல் செய்தி அநேகமாக ஒரு படமாக இருக்கும். அலுமினியத் தாளைக் கத்தரியால் வெட்டி எடுத்த ஒரு துண்டு, அதில் சில வெள்ளை மாத்திரைகள். வெட்டிய இடத்தில் மருந்தின் பெயர் பாதியில் நிற்கும். தயாரித்த நிறுவனம், காலாவதித் தேதி எதுவும் தெரியாது. நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்து என்றால் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் மின்னும் ஹாலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கும். இதில் இரண்டும் இருக்காது. கூடவே எந்த நேரத்தில் எப்படிப் போட வேண்டும் என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வாட்ஸ்அப் செய்தி. பணம் போய்ச் சேர்ந்த பிறகு விற்றவருடைய எண் பல நேரம் வேலை செய்யாது.

உலகில் பல நாடுகளில் மருத்துவர்கள் கருக்கலைப்புக்குத் தருவது இரண்டு மருந்துகள். முதலாவது மிஃபெப்ரிஸ்டோன். கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு வேலை செய்யாமல் அது தடுக்கும். பிரான்சில் 1988-இல் அதற்கு அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 2000-இல். இரண்டாவது மிசோபுரோஸ்டோல். வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து அது. கருப்பையைச் சுருங்க வைப்பதால் பேற்றுக்குப் பின் வரும் இரத்தப்போக்கை நிறுத்தவும் உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. மலேசியாவில் மிஃபெப்ரிஸ்டோன் பதிவு பெறவில்லை. கள்ளத்தனமாகக் கைமாறுவது பெரும்பாலும் இரண்டாவது மருந்து, அல்லது அதன் பெயரில் வரும் ஏதோ ஒன்று.

மருத்துவர் பார்த்து, நாள் கணக்குத் தெரிந்து, ஆரம்ப வாரங்களில் சரியான மருந்தைக் கொடுத்தால் தாய்க்கு ஆபத்து குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நான் மறுப்பதில்லை. நான் எதிர்ப்பது உள்ளே இருக்கும் உயிருக்காக. ஆனால் ஜெலாப்பாங்கில் பூட்டிய அறைக்குள் நடப்பது வேறு. நாள் கணக்குத் தெரியாது, மருந்து எதுவென்று தெரியாது, கரு எங்கே தங்கியிருக்கிறது என்றும் தெரியாது. நூறு கர்ப்பங்களில் ஒன்று இரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. இரத்தம் வந்ததைப் பார்த்து ‘கலைந்துவிட்டது’ என்று அவள் படுத்திருப்பாள். குழாய் உள்ளே வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். குழாயில் தங்கிய கருவுக்கு அறுவைச் சிகிச்சை செய்து தாயைக் காப்பாற்றுவதை எங்கள் திருச்சபை தடுக்கவில்லை. இதைத் தெரியாத கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். குற்றவியல் சட்டத்தின் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. 1989-இல் வந்த திருத்தத்தின்படி, கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது கலைப்பதைவிட அதிகமாக அவளுடைய உடல்நலமோ மனநலமோ கெடும் என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் அவர் அதைச் செய்யலாம். இந்த விலக்கு முழுவதையும் என் மனசாட்சி ஏற்கவில்லை. ஆனாலும் சட்டத்தில் இருப்பதை இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணைப் பயமுறுத்தினால் அது பொய். பொய்யில் நின்றுகொண்டு உயிரைக் காக்க முடியாது.

*

இரவு ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் அழைப்புகள் அதிகம். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி பேசியதை, ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.

“மிசி, மருந்து வந்துருச்சு. போட்டுக்கலாமா?”

“கடைசியா மாசவிலக்கு எப்ப வந்துச்சும்மா?”

“தெரியல. தீபாவளிக்கு முன்னாடி.”

“வயிறு ஒரு பக்கமா வலிக்குதா? தலை சுத்துதா? ரத்தம் படுதா?”

“இல்ல.”

“யாராச்சும் உன்னை அடிக்கிறாங்களா? போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துறாங்களா?”

“அவரு ஒண்ணும் சொல்லல. போனே எடுக்க மாட்டேங்கிறாரு.”

இந்தக் கேள்விகளின் வரிசையை நான் மாற்றுவதில்லை. நாள் கணக்கு, வலி, இரத்தம், அடி. இவை முடிந்த பிறகுதான் மற்றப் பேச்சு. கட்டாயப்படுத்துகிறார்கள் என்று சொன்னால் முதலில் அவள் அந்த இடத்திலிருந்து வெளியேற வழி பார்ப்போம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே 15999 எண்ணை இரவு பகல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

அந்தப் பெண் பிறகு சொன்னது ஒரே மூச்சில் வந்தது. “வயிறு தெரிஞ்சா சூப்பர்வைசர் நிறுத்திருவாரு மிசி. வேலை போனா ரூமுக்குக் காசு கட்ட முடியாது. அம்மாகிட்டப் போக முடியாது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. நான் எங்க போவேன்?”

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் தடம் மாறுகிறோம். அவள் கேட்டது ‘எங்கே போவேன்’ என்று. நாம் பதிலாக ‘உயிர் இறைவனின் கொடை’ என்று தொடங்கினால், அவள் காதில் விழுவது ‘உனக்குப் போக்கிடம் இல்லை’ என்பதுதான். எனவே கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். வேலையைப் பற்றி முதலில். வேலைச் சட்டத்தில் 1.1.2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பேற்றுக்கு முந்தின ஒன்பது மாதத்தில் 90 நாளாவது அங்கே வேலை செய்திருந்தால் விடுப்புக்கான சம்பளமும் உண்டு. தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் எத்தனையோ பெண்களுக்கு இது தெரியாது. தெரியாததால் மாத்திரை வாங்குகிறார்கள்.

“இன்னிக்கு ராத்திரி போடாம இருக்க முடியுமா? நாளைக்கு ஸ்கேன் எடுப்போம். ரூமுக்கு வழி பாக்கிறேன்” என்றேன்.

“அப்புறம் கலைக்கக் கூடாதுன்னு சொல்வீங்களா?”

“நீ கேட்டா என் மனசுல உள்ளதைச் சொல்லுவேன். அது ஒரு உயிருன்னு நான் நம்புறேன். கலைக்காதேன்னுதான் சொல்லுவேன். முடிவு உன் கையில இருக்கு. நீ எதைச் செஞ்சாலும் இந்த போனை நான் எடுப்பேன்.”

கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை, சொன்னபடி நடக்காமலும் இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் மாத்திரை போட்டவள் நடு இரவில் இரத்தம் கொட்டும்போது என்னைக் கூப்பிடக் கூச்சப்படுவாள்.

மறுநாள் ஸ்கேனில் கருப்பைக்குள்ளேதான் கரு இருந்தது. அவள் நினைத்திருந்ததைவிட நாள் அதிகம் ஆகியிருந்தது. திரையைப் பார் என்று நாங்கள் வற்புறுத்துவதில்லை. அவளாகக் கேட்டாள், டாக்டர் திருப்பிக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்த மாசம் ரூம் காசு யார் கட்டுறது மிசி?” என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பலர் மனம் நோகலாம். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அடுத்த மாதத்தைப் பற்றி நினைக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

வாடகையை நாங்கள் கட்டினோம். அரசு கிளினிக்கில் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கான இளஞ்சிவப்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். பதிவு செய்யும் இடத்தில் ‘சுவாமி’, அதாவது கணவர், என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று பெண்கள் நடுங்குவார்கள். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் போதும், கிளினிக் திருப்பி அனுப்பாது. நம் நாட்டு முறையில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆபத்தின் அளவுக்கு ஏற்பப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுவார்கள். இரத்தச் சோகை, இரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாவற்றையும் அங்கே பிடித்துவிடலாம். தனியாக அறையில் பதுங்கிக் கிடந்தால் எதையும் பிடிக்க முடியாது.

பிறகு அவளுடைய அம்மாவிடம் போனோம். மலிவு விலை வீடு, வாசலில் துளசி, உள்ளே சாமி மேடை. அந்த அம்மா என்னிடம், “நீங்க வேதக்கோயில்காரங்க, இவளை உங்க மதத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவீங்களா?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். எங்களைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துப் பெண்கள். திருமுழுக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வாடகை கட்டினால் அது வியாபாரம். “உங்க பிள்ள உங்க பிள்ளையாத்தான் இருக்கும். பேர்கூட நீங்கதான் வைக்கணும்” என்றேன். அன்று அவர் எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததோடு சரி. தங்கச்சிக்குப் பார்த்திருக்கும் வரன் தட்டிப்போகும் என்று அழுதார், திட்டினார், மகளை உள்ளே கூப்பிடவில்லை. அவள் பேறுவரை பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தங்கினாள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த இரண்டாம் நாள், பூண்டும் மிளகும் நிறையப் போட்ட பத்தியக் குழம்போடு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வார்டுக்கு வந்தார். தொப்புளுக்கு என்ன வைக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் வைக்கக் கூடாது, சுத்தமாகக் காய விட வேண்டும் என்றேன். “எங்க காலத்துல வசம்பு” என்று ஆரம்பித்தவரை மிசி என்ற முறையில் தடுத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு சகஜமாகிவிட்டது.

*

எல்லாம் இப்படி முடிவதில்லை. மாத்திரையைப் போட்ட பிறகு கூப்பிடுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் நான் பாவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேடுகள் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, மயக்கம் உண்டா, தோள்பட்டை வலிக்கிறதா என்று கேட்பேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே அவசரப் பிரிவு. என்ன மாத்திரை போட்டாய் என்பதை டாக்டரிடம் மறைக்காதே என்பேன். மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும். நாங்களும் கூடப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

மருந்து போட்டும் கர்ப்பம் நிலைத்துவிட்டால் அது வேறு கவலை. மிசோபுரோஸ்டோல் பட்ட சில குழந்தைகள் முக நரம்புகள் செயல்படாத மோபியஸ் கோளாறோடும், கைகால் குறையோடும் பிறந்ததை பிரேசில் மருத்துவர்கள் 1990-களில் பதிவு செய்தார்கள். அப்படி ஆவது மிகச் சில குழந்தைகளுக்குத்தான். ஆனாலும் தாயிடம் சொல்ல வேண்டும், விரிவான ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். குறையோடு பிறந்தாலும் அந்தப் பிள்ளையை நாங்கள் தூக்குவோம் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

இந்தப் பணியில் ஈடுபடுகிறவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து கையேடுகள் நிறைய வருகின்றன. அவற்றில் இரண்டு விஷயங்களை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கருக்கலைப்பால் மார்புப் புற்றுநோய் வரும் என்பது ஒன்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-இல் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து அப்படித் தொடர்பு இல்லை என்று முடிவு சொன்னது. மற்றது, மாத்திரையின் வேலையைப் புரோஜெஸ்டிரோன் கொடுத்துத் திருப்பிவிடலாம் என்பது. 2012-இல் ஜார்ஜ் டெல்கடோ என்ற மருத்துவர் சிலருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியதிலிருந்து அது பரவியது. 2019-இல் கலிபோர்னியாவில் அதை முறைப்படி சோதிக்கத் தொடங்கிய ஆய்வை, சேர்ந்த 12 பெண்களில் 3 பேருக்குக் கடும் இரத்தப்போக்கு வந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். அந்த மூவரில் ஒருத்தி புரோஜெஸ்டிரோன் எடுத்தவள், இருவர் எடுக்காதவர்கள். போதாக்குறைக்கு அந்த யோசனையே மிஃபெப்ரிஸ்டோன் எடுத்தவர்களுக்கானது. நம் ஊரில் கைமாறும் மாத்திரைக்கு அது பொருந்தவே பொருந்தாது. நம்மிடம் உதவி கேட்டு வருகிற பெண்ணுக்கு நாம் கொடுக்கும் முதல் மரியாதை உண்மை.

கலைத்துவிட்டு வருகிறவர்களுக்கும் எங்களிடம் இடம் உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 மார்ச் 25-இல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ மடலில் கருக்கலைப்பை மிகக் கடுமையாகக் கண்டித்தார். அதே மடலில் கலைத்த பெண்களைப் பார்த்து, நம்பிக்கை இழக்காதீர்கள் என்று தனியாகப் பேசினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்தார். மேடையில் கண்டனத்தை மட்டும் படித்துவிட்டு மறுபாதியை விட்டுவிடுகிறவர்கள் திருச்சபையின் போதனையைப் பாதிதான் சொல்கிறார்கள்.

கருவுற்றவள் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் அது சட்டப்படி பாலியல் வன்முறை. அவள் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. காவல் துறையும் சமூகநலத் துறையும் உள்ளே வர வேண்டும். மருத்துவமனையில் இதற்கென்றே ஒரே இடத்தில் சிகிச்சையும் புகாரும் ஆலோசனையும் நடக்கும் பிரிவு உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது. கெடுத்தவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது குடும்ப மானம் என்று மூடி மறைக்கச் சொல்லி எங்களிடம் வந்தவர்கள் உண்டு. உயிரின் பெயரால் அந்தப் பிள்ளையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நாங்கள் துணை போக மாட்டோம். பத்து காஜாவில் சமூகநலத் துறை நடத்தும் தாமான் ஸ்ரீ புத்ரி போன்ற இல்லங்கள் இப்படிப்பட்ட பெண் பிள்ளைகளுக்காகவே இருக்கின்றன.

முஸ்லிம் பெண்களும் கூப்பிடுவார்கள், இந்தோனேசியத் தொழிலாளர்களும் கூப்பிடுவார்கள். பேராக்கில் முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அவர்களிடம் சமயம் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கிளினிக்குக்கும் அரசு உதவிக்கும் வழி காட்டுவோம். ஆபத்து என்றால் ஆஸ்பத்திரிவரை கூடப் போவோம். வெளிநாட்டுத் தொழிலாளியின் நிலைமை இன்னும் கடினம். வேலை உரிமத்துக்கான ஃபோமேமா பரிசோதனையில் கர்ப்பமும் சேர்த்தி. கர்ப்பம் தெரிந்தால் தகுதி போய்விடும். ஊரில் கடன் வாங்கி வந்தவளுக்கு அந்த மாத்திரைதான் ஒரே வழியாகத் தோன்றும்படி நாமே விதிமுறை வைத்திருக்கிறோம்.

*

பிள்ளை பிறந்த பிறகுதான் காகித வேலை. தோட்டக் காலத்திலிருந்து நம் சனத்துக்கு ஒரு பழக்கம்: கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவுத் திருமணத்தை விட்டுவிடுவது. 1982 மார்ச் 1-லிருந்து முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்ததாகக் கணக்கு. அப்போது குடியுரிமை தாயைப் பொறுத்துப் போகும். தாயிடம் எந்தப் பத்திரமும் இல்லை என்றால், தகப்பன் நீல அடையாள அட்டை வைத்திருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. எனவே கர்ப்பம் தெரிந்த உடனேயே தாயின் பத்திரங்களைக் கேட்டுப் பார்த்துவிடுவேன். பேற்றுக்கு முன் சட்டப்படி திருமணம் பதிவாக வழி இருந்தால், அவளுக்கும் விருப்பம் இருந்தால், பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்கும் அது காவல். கல்யாணமாகாத தாய் பிள்ளையைப் பதியும்போது தகப்பன் பெயரைச் சேர்க்க இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். அவன் வராவிட்டால் தாய் பெயரோடு பதிந்துவிடலாம். அதில் அவமானம் ஏதும் இல்லை.

வளர்க்க முடியாது என்று முடிவு செய்கிறவளும் தாய்தான். பிள்ளையை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பது தோட்டத்தில் சாதாரணம். அக்காளுக்குப் பிள்ளை இல்லை என்றால் தங்கை பெற்றுக் கொடுப்பாள். ஆனால் வளர்ப்புத் தாயே பெற்றதாகப் பொய்யாகப் பதிந்துவிடுவார்கள். அது குற்றம், பின்னாளில் அடையாள அட்டை எடுக்கப் போகும் பிள்ளைதான் சிக்கிக்கொள்ளும். பணம் கொடுத்துப் பிள்ளை வாங்கும் தரகர்களும் உலவுகிறார்கள். முறையான வழி இருக்கிறது. பெற்ற தாய் பெயரில் பதிந்து, சமூகநலத் துறைக்குத் தெரிவித்து, 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் போக வேண்டும். உத்தரவுக்கு முன் குறைந்தது மூன்று மாதமாவது பிள்ளை தத்தெடுப்பவர் பராமரிப்பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததைப்போல, இங்கே பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல் ஆர்ஃபன்கேர் அறவாரியம் குழந்தையைப் பத்திரமாக விட்டுச் செல்லும் அறையைத் திறந்தது. குப்பைத் தொட்டியில் கிடந்திருக்கக்கூடிய உயிர்கள் அதனால் பிழைத்தன. அன்னை தெரசா 1979-இல் நோபல் பரிசு உரையிலேயே கருக்கலைப்பை எதிர்த்துப் பேசினார். வேண்டாத பிள்ளைகளை எங்களிடம் கொடுங்கள் என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லி அனுப்பியதையும் அதே பேச்சில் சொன்னார். அவர் பேச்சுக்கு எடை வந்தது கொல்கத்தாவில் அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் வீடு அவரிடம் இருந்ததால்தான்.

மே 31-இல் நாங்கள் கொண்டாடும் மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா எனக்கு இந்த வேலையின் இலக்கணம். கணவனோடு கூடி வாழும் முன்பே கருவுற்ற இளம் பெண் மரியா. ஊர் அறிந்தால் கல்லடி கிடைக்கக்கூடிய காலம். அந்த நிலையிலும் யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போய், முதிர்ந்த வயதில் கருவுற்ற உறவுப் பெண்ணோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுநாள் ஊர் திரும்பவில்லை. வீட்டு வேலை, சமையல், எலிசபெத்தின் கடைசி மாதத்துக் கால் வீக்கம் எல்லாவற்றோடும் இருந்திருப்பார். நம் ஆலயங்களில் உயிருக்காகச் செபமாலை சொல்லும் கூட்டங்கள் இருக்கின்றன, நல்லதுதான். செபமாலை முடிந்ததும் யார் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடக் கூடாது.

ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரைக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிடுகிறவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். அவர்களில் சிலர் ஞாயிறு திருப்பலியில் பாட்டுப் பாடுகிறவர்கள், சிலர் கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவர்கள். பெண்ணை மட்டும் உட்கார வைத்து அறிவுரை சொல்லும் வழக்கம் நம்மை விட்டுப் போக வேண்டும். திருமணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் பராமரிப்புச் செலவு கேட்டு நீதிமன்றம் போகலாம். அதையும் அவளுக்குச் சொல்கிறோம்.

பினாங்கு மறைமாவட்டத்தின் பங்குகளுக்கும், மெதடிஸ்டு, பெந்தேகோஸ்தே சபைகளுக்கும் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒவ்வோர் ஆலயமும் ஓர் அறையை ஏற்பாடு செய்யட்டும். மூன்று மாத வாடகைக்கு ஒரு நிதி ஒதுக்கட்டும். நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கும் ஒரு பெண்ணும், கார் எடுத்துக்கொண்டு வரும் ஒருவரும் இருக்கட்டும். வேலைச் சட்டமும் பதிவுச் சட்டமும் தெரிந்த ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவள் யார் மகள் என்பதைத் திருப்பலி முடிந்து வாசலில் நின்று பேசாத நாக்கு வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேர் மாத்திரை வாங்குகிறார்கள், அந்த ஊர் வாயில் நம் வாயும் சேர்ந்திருக்கிறது.

‘கலைக்காதே’ என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நம்புகிறேன். அந்த உரிமைக்கு விலை உண்டு. சொல்கிறவர் அவளுடைய வாடகையிலும் பத்தியச் சாப்பாட்டிலும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் பங்கெடுத்தாக வேண்டும். அப்படிப் பங்கெடுக்கத் தயாராக இருப்பவர்கள் வாருங்கள், ஜெலாப்பாங்கில் வேலை இருக்கிறது.